புள்ளடி இட்ட பெண்கள்

எங்கள் அம்மம்மாவின் சீதன உறுதியை நான் முதன்முதலாகப் பார்த்தபோது எனக்குப் பதினொரு வயது. றங்குப்பெட்டியின் அடியில், வேப்பிலை வைத்து மடித்த ஒரு வெள்ளைத் துணிக்குள் அது இருந்தது. நொத்தாரிசின் சரிந்த கையெழுத்து, காணியின் நான்கு எல்லைகள், கிணற்றிலே பங்கு, வழி வாய்க்கால் உரிமை எல்லாம் எழுதப்பட்டுக் கடைசியில் அம்மம்மாவின் பெயர். அந்தப் பெயருக்கு நடுவே ஒரு புள்ளடி. “ஏனம்மா இதிலை பிழை போட்டிருக்கு?” என்று கேட்டேன். “அது பிழையில்லைப் பிள்ளை, அதுதான் அம்மம்மான்ரை கையெழுத்து” என்றா அம்மா.

அதற்குப் பிறகு நாற்பது ஆண்டுகள் கழித்து, ஐயாயிரம் மைலுக்கு அப்பால், அதே புள்ளடியை நான் நூற்றுக்கணக்கில் கண்டேன். நான் இப்போது வாழும் பெட்போர்ட் நகரின் சுவடிகள் காப்பகத்தில், இருநூறு ஆண்டு பழைமையான திருமணப் பதிவேடுகளில். நூற்றாண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று சங்கத்தார் கேட்டபோது, கல்லூரி நினைவுகளை என்னைவிட நன்றாக எழுதக்கூடிய அக்காமார் பலர் இருக்கிறார்கள் என்பதால், அந்தப் பதிவேடுகளில் நான் கண்ட பெண்களைப் பற்றி எழுதலாமென்று நினைத்தேன். அவர்கள் எங்கள் கல்லூரியில் படித்தவர்கள் அல்ல. பெரும்பாலானோர் எந்தக் கல்லூரியிலும் படித்தவர்கள் அல்ல.

பெட்போர்ட்ஷயர் என்பது இலண்டனுக்கு வடக்கே உள்ள ஒரு சிறிய கவுண்டி. எங்கள் மாவட்டம் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். மலை இல்லை, கடல் இல்லை, ஊஸ் என்ற ஆறு வளைந்து வளைந்து போகிறது. ஆனால் ஒரு விடயத்தில் இங்கிலாந்தின் மற்றெல்லாக் கவுண்டிகளுக்கும் இது முன்னோடி. தன் பழைய கடதாசிகளைப் பாதுகாக்கவென்று ஓர் அலுவலகத்தை முதன்முதலில் அமைத்த கவுண்டி இதுதான். ஆண்டு 1913. அதைச் செய்தவர் ஒரு வரலாற்றாசிரியரும் அல்லர். ஜோர்ஜ் ஹேர்பேர்ட் பௌலர் என்ற அவர் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் விலங்கியல் படிப்பித்தவர்; கடல் நீரில் மிதக்கும் சிற்றுயிர்களை ஆராய்ந்தவர். ஓய்வுபெற்று ஆஸ்ப்லி கைஸ் என்ற கிராமத்தில் வந்து குடியிருந்தபோது கவுண்டியின் பழைய ஏடுகள் கிடந்த கோலத்தைக் கண்டு, கவுண்டிச் சபைக்குள் நுழைந்து, அவற்றுக்கென ஒரு குழுவின் தலைவராகி, வாழ்நாளின் மீதியை அதற்கே கொடுத்தார். உயிரினங்களை இனம், குடும்பம் என்று பிரித்து அடுக்கிப் பழகிய கை, கடதாசிகளையும் அப்படியே அடுக்கியது. பள்ளிப் படிப்பு முடித்த கையோடு 1923 இல் அவரிடம் வேலைக்குச் சேர்ந்த எமிசன் என்ற பையன், பின்னர் எசெக்ஸ் கவுண்டியின் காப்பகத்தை உருவாக்கினார். பெட்போர்ட்டில் 1946 முதல் 1968 வரை பொறுப்பாக இருந்தவர் ஜோய்ஸ் கொட்பர் என்ற பெண்மணி. இந்தக் கவுண்டியின் வரலாற்றை 1066 இலிருந்து 1888 வரை ஒரே நூலாக எழுதியவரும் அவரே.

உள்ளே போனால் பையைப் பூட்டிவிட வேண்டும். பேனை கொண்டு போகக் கூடாது, பென்சில் மட்டும். ஏட்டின் முதுகு முறியாமலிருக்க அதை மெத்தையான ஆப்பு ஒன்றின்மேல் சாய்த்து வைத்து, பக்கம் புரளாமலிருக்க ஈயக் குண்டுகள் கோத்த ஒரு துணிக் கயிற்றைக் குறுக்கே போடுவார்கள். கைக்குழந்தையைக் கிடத்துவது போலத்தான். முதல் நாள் அதைப் பார்த்தபோது எனக்கு உள்ளுக்குள் ஒரு பொறாமையே எழுந்தது. பின்னால் அதைச் சொல்கிறேன்.

இங்கிலாந்தில் 1754 இலிருந்து, திருமணம் செய்வோர் பதிவேட்டில் கையொப்பமிட வேண்டும் என்பது சட்டமாக இருந்தது. எழுதத் தெரியாதவர் அடையாளம் இட வேண்டும். ஆகவே ஒரு கிராமத்தின் எழுத்தறிவை அறிய வேறு எங்கும் போக வேண்டியதில்லை. தேவாலயத்தின் திருமணப் பதிவேட்டைப் புரட்டினால் போதும். 1840 அளவில் நாடு முழுவதிலும் மணமகன்மாரில் மூன்றில் ஒருவரும், மணமகள்மாரில் ஏறத்தாழ அரைவாசிப் பேரும் புள்ளடியே இட்டார்கள். பெட்போர்ட்ஷயர் அந்தச் சராசரியிலும் பின்தங்கிய கவுண்டிகளில் ஒன்று. மணமகன், மணமகள், சாட்சிகள் இருவர் என நால்வருமே புள்ளடி இட்ட பக்கங்களை நான் கண்டிருக்கிறேன். உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு புள்ளடியும் ஒவ்வொரு விதம். சிலது பேனையை முறித்துவிடும் அளவுக்கு அழுத்தமானது. சிலது நடுங்கியது. சிலதில் மை கொட்டியிருக்கிறது. வாழ்நாளில் அந்தப் பெண் பேனையைத் தொட்டது அந்த ஒரு முறையாகத்தான் இருந்திருக்கும்.

1837 இலிருந்து பதிவேட்டில் தொழில் என்று ஒரு நிரல் சேர்ந்தது. மணமகனுக்கு எதிரே ‘கூலி’ என்றோ ‘தச்சன்’ என்றோ இருக்கும். மணமகளுக்கு எதிரே பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. அந்த வெறுமையை நம்பினால் ஏமாந்து போவோம். இந்தக் கவுண்டியின் பெண்கள் ஐந்து வயதிலிருந்து உழைத்தவர்கள். வடபகுதிக் கிராமங்களில் றேந்தை பின்னினார்கள். தென்பகுதியில் கோதுமைத் தாள் பின்னினார்கள்.

றேந்தை என்றதும் எங்கள் தலைமுறைக்குத் தையல் வகுப்பு நினைவுக்கு வரும். அது போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல். காலிப் பக்கத்துச் சிங்களப் பெண்கள் தலையணையில் குண்டூசி குத்திப் பின்னும் ‘பீரளு’ றேந்தையும் அதே வழி வந்ததுதான். பெட்போர்ட்ஷயரின் றேந்தையும் அவ்வகையே. உருண்டைத் தலையணை ஒன்றில் மாதிரி குத்திய தோலை விரித்து, குண்டூசிகளை நட்டு, நூல் சுற்றிய சிறு கட்டைகளைச் சோடி சோடியாக மாற்றிப் போட்டுப் பின்னுவது. எட்டாம் ஹென்றி மன்னன் தள்ளிவைத்த இராணி கத்தரீன், 1531 முதல் 1533 வரை அம்ப்ற்றில் என்ற இவ்வூரில் தங்கியிருந்தாள். அவள்தான் இங்குள்ள பெண்களுக்குப் றேந்தை பழக்கினாள் என்று இப்போதும் கதை சொல்வார்கள். அழகான கதை. ஆனால் காப்பகத்தில் உள்ள தாள் வேறொன்று சொல்கிறது. ஈற்றன் சோகன் என்ற ஊரின் ஏழைகள் நிதிக் கணக்கிலே, 1596 இல், ஏழைப் பிள்ளைகளுக்குப் றேந்தை பழக்க ஒரு பெண்ணை அமர்த்திய செய்தி இருக்கிறது. இராணியின் கொடையாக அல்ல, பிச்சைச் சம்பளத்தைக் குறைக்கும் வழியாகத்தான் றேந்தை இந்த ஊர்ப் பிள்ளைகளின் கைக்கு வந்தது. தன் சாப்பாட்டைத் தானே பின்னி உழைக்கும் பிள்ளைக்கு ஊர் காசு கொடுக்க வேண்டியதில்லை அல்லவா?

இதற்கென நடந்த இடங்களைப் ‘பள்ளிக்கூடம்’ என்றே அழைத்தார்கள். றேந்தைப் பள்ளிக்கூடம். ஒரு பெண்ணின் குடிசையின் முன்னறை. ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகள் வரிசையாகக் குந்தி, மடியில் தலையணை. புகைபட்டால் வெள்ளை நூல் கறுத்துவிடும் என்பதால் குளிர்காலத்திலும் அடுப்பு மூட்டமாட்டார்கள். தணல் போட்ட ஒரு சட்டியைப் பாவாடைக்குக் கீழே வைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான் சூடு. இருட்டியதும் நடுவில் ஒரேயொரு மெழுகுதிரி. அதைச் சுற்றி நீர் நிரப்பிய கண்ணாடிக் குடுவைகள். திரியின் ஒளி குடுவைக்குள் புகுந்து ஒரு புள்ளியாகக் குவிந்து ஒவ்வொருத்தியின் தலையணையிலும் விழும். ஒரு திரியில் பலர் வேலை செய்யலாம். விஞ்ஞான ரீச்சர் குவிவு வில்லை படிப்பித்தபோது இந்த உதாரணம் கிடைத்திருந்தால் நான் இன்னும் நல்ல புள்ளி எடுத்திருப்பேன். வேகம் குறையாமலிருக்க எண்ணிக்கைப் பாட்டுகள் பாடுவார்கள். இத்தனை குண்டூசிக்குள் இத்தனை அடி. ரீச்சர் என்று சொல்லப்பட்ட பெண்ணுக்கே எழுத்துத் தெரியாமலிருப்பது சாதாரணம்.

இவ்வூர் அரும்பொருட்காட்சியகத்தில் அந்த நூல் கட்டைகளைப் பார்க்கலாம். எலும்பில் கடைந்து, நுனியில் கண்ணாடி மணிகள் கோத்து, உடம்பைச் சுற்றிப் புள்ளி புள்ளியாக எழுத்துப் பொறித்தவை. காதலன் பெயர், பிறந்த பிள்ளையின் பெயர், இறந்த தாயின் பெயர். பெட்போர்ட் சிறை வாசலில் 1868 இல் கடைசியாகப் பகிரங்கத் தூக்குத் தண்டனை நடந்தது. அப்படித் தூக்கிலிடப்பட்டவர்களின் பெயரைப் பொறித்த கட்டைகள்கூட உண்டு. சந்தையில் நினைவுப் பொருளாக விற்றார்கள். தன் பெயரைத் தானே எழுதத் தெரியாத ஒரு பெண், வாழ்நாள் முழுவதும் பெயர்களை விரல்களுக்கிடையில் உருட்டிக்கொண்டு இருந்திருக்கிறாள். அந்தக் கட்டைகளின் முன்னால் நான் நெடுநேரம் நின்றிருக்கிறேன்.

தென்பகுதியின் கதை தாளில். எங்கள் ஊர்ப் பன்னவேலை தெரிந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஓலைக்குப் பதில் கோதுமைத் தாள். சக்கரம் போன்ற ஒரு சிறு கருவியின் கூரிய முனையைத் தாளின் துளைக்குள் செருகித் தள்ளினால் அது சம அகலமான கீற்றுகளாகப் பிளக்கும். கீற்றுகளை நனைத்துப் பட்டையாகப் பின்ன வேண்டும். நாங்கள் ஓலையைத் தண்ணீர் தெளித்து நனைப்போம். இவர்கள் வாயில் கவ்வி எச்சிலில் நனைத்தார்கள். கடைவாய் கிழிந்து புண்ணாகியே இருக்கும். பின்னிய பட்டையை இருபது யார் அளந்து ஒரு கட்டாகக் கட்டிச் சந்தையில் விற்பார்கள். லூட்டனிலும் டன்ஸ்டபிளிலும் தொப்பி தைப்பவர்கள் வாங்குவார்கள். நடந்துகொண்டே பின்னலாம், கதைத்துக்கொண்டே பின்னலாம். மூன்று நான்கு வயதுப் பிள்ளைகளையும் ‘பின்னல் பள்ளிக்கூடத்துக்கு’ அனுப்பினார்கள். தாய் பிளந்த கீற்றைக் கட்டிக் கொடுத்து, வாரத்துக்குச் சில பென்ஸ் கட்டணமும் கொடுத்து, இத்தனை யார் பின்னி வா என்று அனுப்புவாள்.

இதைக் கொடுமை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. நெப்போலியன் போர்க் காலத்தில் இத்தாலியப் பின்னல் வருவது நின்றபோது இங்குள்ள பின்னலுக்கு விலை ஏறியது. அந்த ஆண்டுகளில் கைதேர்ந்த ஒரு பெண், வயலில் கூலி வேலை செய்யும் தன் கணவனைவிடக் கூடுதலாக உழைத்தாள். வீட்டு வேலைக்குப் பெண் பிள்ளைகள் கிடைக்கவில்லை, பெண்களுக்கு வாய் கூடிவிட்டது என்று கமக்காரர் புலம்பினார்கள். அந்தப் புலம்பலை வாசித்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. தன் காசைத் தான் எண்ணும் பெண்ணைப் பற்றி எல்லா ஊரிலும் ஒரே புலம்பல்தான் போலும். மறுபுறம், றேந்தை பின்னியவர்களின் கணக்கு வேறு. நூலைக் கொடுப்பவனும் றேந்தையை வாங்குபவனும் ஒரே வியாபாரி. கூலியில் ஒரு பங்கைக் காசாக அன்றித் தன் கடைச் சாமானாகக் கொடுப்பான். கணக்கு அவன் ஏட்டில் இருக்கும். வாசிக்கத் தெரியாதவள் அதை எப்படிச் சரிபார்ப்பாள்?

எழுத்துக்காகக் குரல் கொடுத்தவர் இல்லாமலில்லை. பெட்போர்ட்டின் நாடாளுமன்ற உறுப்பினர் சாமுவேல் விட்பிரெட், ஊர்தோறும் வரிப்பணத்தில் பள்ளிக்கூடம் வேண்டும் என்று 1807 இல் ஒரு சட்டமூலம் கொண்டுவந்தார். ஏழைகளுக்கு எழுத்து வந்தால் தம் நிலையை வெறுக்கத் தொடங்குவார்கள், வயல் வேலைக்கு ஆள் கிடைக்காது என்று ஓர் உறுப்பினர் எதிர்த்துப் பேசினார். கீழ்ச் சபையில் நிறைவேறி, பிரபுக்கள் சபையில் அது தோற்றது. விட்பிரெட் குடும்பத்தின் கடதாசிகள் இன்று இந்தக் காப்பகத்தில்தான் இருக்கின்றன. அந்தச் சட்டமூலம் அன்று நிறைவேறியிருந்தால் எத்தனை புள்ளடிகள் குறைந்திருக்கும் என்று, பதிவேட்டைப் புரட்டும்போதெல்லாம் எண்ணிக்கொள்வேன். இங்கே ஒரு திருத்தமும் சொல்ல வேண்டும். புள்ளடி இட்டவர் எல்லோரும் வாசிக்கத் தெரியாதவர்கள் அல்லர். ஞாயிறு பாடசாலைகள் பல, வேதம் வாசிக்கப் பழக்கின, எழுதப் பழக்கவில்லை. வாசிப்பது ஆத்துமாவுக்கு நல்லது, எழுதுவது ஏழைக்கு எதற்கு என்பது அன்றைய நினைப்பு. எனவே அந்தப் பெண்களில் சிலர் தம் பெயரைப் பதிவேட்டில் வாசித்துவிட்டு, அதன் அருகில் புள்ளடி இட்டிருப்பார்கள்.

என் அம்மம்மா அதற்கும் வழியில்லாதவர். உடுவிலில் 1824 இலேயே பெண் பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கிவிட்டது என்று நாம் பெருமையாகச் சொல்கிறோம். உண்மைதான். ஆனால் அதற்கு நூறு ஆண்டுகளுக்குப் பிறகும், அங்கிருந்து சில மைல் தூரத்தில் புள்ளடி இட்டுக்கொண்டிருந்த பெண்கள் இருந்தார்கள்.

காப்பகத்தில் எனக்கு மிகவும் பிடித்தவை பாடசாலைச் சம்பவத் திரட்டுப் புத்தகங்கள். நம் அதிபர்கள் எழுதிய அதே புத்தகம்தான். அதன் பிறப்பிடம் 1862 இல் இங்கிலாந்தில் வந்த ஒரு சட்டக்கோவை. பிள்ளையின் வரவையும் பரீட்சைப் பெறுபேற்றையும் பார்த்துத்தான் அரசு பாடசாலைக்குப் பணம் கொடுக்கும். எனவே தலைமை ஆசிரியர் அன்றாடம் நடப்பதைக் குறித்து வைக்க வேண்டும். 1870 இலிருந்து இலங்கையின் உதவி நன்கொடைப் பாடசாலைகளுக்கும் பெறுபேற்றுக்கேற்ற கொடுப்பனவு என்ற அதே முறை வந்தது. பரிசோதகர் வரும் நாளில் ரீச்சர்மார் படும் பாடும் அதோடு கப்பலேறி வந்திருக்க வேண்டும்.

பெட்போர்ட்ஷயரின் சம்பவத் திரட்டுகளில் திரும்பத் திரும்ப வருவது பெண் பிள்ளைகள் வரவில்லை என்ற குறிப்பு. பட்டாணி பறிக்கப் போய்விட்டார்கள். அறுத்த வயலில் கதிர் பொறுக்கப் போய்விட்டார்கள். தாய்க்குப் பிள்ளை பிறந்திருக்கிறது, மூத்தவள் வீட்டில். சப்பாத்து இல்லை. பின்னலுக்கு நல்ல விலை, அதனால் வகுப்பில் பாதிப் பேர் இல்லை. எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை வேலைக்கு வைக்கக் கூடாது, பதின்மூன்று வயதுக்குட்பட்டோர் வாரத்தில் பத்து மணித்தியாலமாவது படிக்க வேண்டும் என்று 1867 இலேயே சட்டம் வந்தது. குடிசைக்குள் நடக்கும் பள்ளிக்கூடத்தை யார் போய்ப் பார்ப்பது? 1870 இல் பாடசாலைச் சபைகள் வந்தன. 1880 இல் பத்து வயதுவரை வரவு கட்டாயமாயிற்று. ஆயினும் சம்பவத் திரட்டை வாசிப்பவருக்குத் தெரியும், பிள்ளைகளை வகுப்புக்குக் கொண்டுவந்தது சட்டம் மட்டுமல்ல. றேந்தையை இயந்திரம் தின்றது. தாள் பின்னலைச் சீனாவிலிருந்தும் பின்னர் யப்பானிலிருந்தும் வந்த மலிவுப் பின்னல் தின்றது. பிள்ளையின் கைக்கு விலை இல்லாமல் போனபோது, வீடு பிள்ளையைப் பள்ளிக்கு விட்டது. வெட்கமான உண்மை, ஆனால் ஏட்டில் அப்படித்தான் இருக்கிறது.

சிறைப் பதிவேடுகளைப் பற்றி ஒரு வார்த்தை. பெட்போர்ட் சிறை உலகப் புகழ்பெற்றது. நம் கல்லூரி வாசிகசாலையிலும் தமிழில் இருந்த ‘மோட்சப் பிரயாணம்’ நூலின் ஆசிரியர் ஜோன் பனியன், 1660 இலிருந்து பன்னிரண்டு ஆண்டுகள் இங்கே அடைபட்டிருந்தார். உள்ளே அவர் செய்த வேலை, கயிறுகளுக்கு முனை கட்டுவது. அதை விற்றுத்தான் வீட்டுக்குக் காசு. அவருடைய மனைவி எலிசபெத் 1661 இல் சுவான் விடுதியில் கூடிய நீதிபதிகளின் முன் தனியே போய் நின்று, நான்கு பிள்ளைகள், அதிலொன்று கண் தெரியாதது, என்று வாதாடினாள். பலிக்கவில்லை. நூறு ஆண்டுகளுக்குப் பிறகு, 1773 இல், ஜோன் ஹவார்ட் என்பவர் கவுண்டியின் ஷெரீப் ஆனார். குற்றமற்றவர் என்று விடுதலையானவர்கள்கூடச் சிறைக் காவலனுக்குக் கட்டணம் கட்ட வழியில்லாமல் உள்ளேயே கிடப்பதைக் கண்டார். காவலனுக்குச் சம்பளம் இல்லை, கைதியின் காசுதான் அவன் வருமானம். சம்பளம் கொடுங்கள் என்று கேட்டபோது, வேறு எந்தக் கவுண்டியில் அப்படிக் கொடுக்கிறார்கள் என்று கேட்டார்கள். பார்த்து வருகிறேன் என்று குதிரையேறிய மனிதர், சாகும்வரை சிறைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். 1801 இல் இங்கே புதிய சிறை எழுந்தது. அதன் பதிவேடுகளில் கைதியின் உயரம், முடியின் நிறம் இவற்றோடு எழுத்தறிவும் குறிக்கப்படலாயிற்று. விறகு திருடியவள், எசமானியின் துணியை எடுத்தவள், இவர்கள் பெயருக்கு எதிரே பெரும்பாலும் வாசிக்கவும் தெரியாது, எழுதவும் தெரியாது. இப்படிப்பட்ட பெண்களின் உருவத்தை நமக்குச் சொல்லும் ஏடு சிறைப் பதிவேடு ஒன்றுதான். நல்லபடியாக வாழ்ந்து மடிந்தவளின் முடி என்ன நிறம் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

இந்த நகரிலே செல்வம் இல்லாமலிருக்கவில்லை. இலண்டன் மேயராக இருந்த சேர் வில்லியம் ஹாப்பரும் மனைவி அலிஸும் 1566 இல் பெட்போர்ட்டின் கல்விக்கென எழுதிவைத்த காணியின் வருமானம் பெருகிப் பெருகிப் பெரும் நிதியமாயிற்று. அதிலிருந்து ஆண்பிள்ளைகளுக்குச் சிறந்த பாடசாலைகள் வந்தன. பெண்களுக்கென்று இரண்டு உயர் பாடசாலைகள் திறக்கப்பட்டது 1882 இல். முந்நூற்றுப் பதினாறு ஆண்டுகள் கழித்து! சொத்தை எழுதிக் கொடுத்ததில் அலிஸ் அம்மையாருக்கும் பங்கு உண்டு என்பதை நினைத்துப் பாருங்கள்.

இனி, அந்தப் பொறாமைக்கு வருகிறேன். ஒரு கூலிக்காரன் மகள் இட்ட புள்ளடியை மெத்தையில் கிடத்திப் பார்க்கிறார்கள் இவர்கள். நமது ஊரில் 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் போயின. 1995 ஒக்டோபர் கடைசியில் நாங்கள் மழைக்குள் நடந்தபோது பிள்ளையைத் தூக்கியவர்கள் இருந்தார்கள், அரிசியைத் தூக்கியவர்கள் இருந்தார்கள், இடாப்பை யார் தூக்குவது? மலர்க்குழுவினர் ஆறு மாதமாகத் தேடியும் சங்கத்தின் முதல் கூட்ட அறிக்கைப் புத்தகம் அகப்படவில்லை. முதல் சேர்வு இடாப்பும் இல்லை. முதல் வகுப்பில் இருந்த பிள்ளைகளின் பெயர்களை நாம் இப்போது பாட்டிமாரின் ஞாபகத்திலிருந்துதான் எழுதுகிறோம். பெட்போர்ட்ஷயரில் 1850 இல் வாழ்ந்த, எனக்கு எந்த உறவும் இல்லாத ஒரு றேந்தைக்காரியின் பெயரை, அவள் தகப்பன் பெயரை, சாட்சிக்கு நின்றவள் பெயரை என்னால் அரை மணித்தியாலத்தில் எடுக்க முடிகிறது. என் அம்மாவோடு படித்தவர்களின் பெயர்களை எடுக்க முடியவில்லை.

ஆனால் ஒன்று என்னிடம் இருக்கிறது. அம்மா 1940களில் நம் கல்லூரியில் படித்தபோது செய்த தையல் மாதிரிக் கொப்பி. சாணித்தாள் பக்கங்களில் சிறு சிறு துணித் துண்டுகள் ஒட்டப்பட்டிருக்கின்றன: ஓட்டுத் தையல், மடிப்புத் தையல், பொத்தான் கண், ஒட்டுப்போடல். பதினாலாம் பக்கத்தில் இரண்டு அங்குல நீளமான ஒரு றேந்தை. ஒவ்வொரு பக்கத்தின் கீழும் ரீச்சரின் சுருக்கொப்பம், சில இடங்களில் ‘திரும்பச் செய்க’ என்று சிவப்பு மை. முன்மட்டையில் அம்மாவின் பெயர், வகுப்பு, கல்லூரியின் பெயர், அம்மாவின் சொந்தக் கையெழுத்தில். ‘ழ’ கரத்தின் வாலை நீட்டி இழுத்திருக்கிறா. கடைசிவரை அப்படித்தான் எழுதினா. அம்மம்மாவின் சீதன உறுதி இடப்பெயர்வில் போய்விட்டது. கொப்பி மட்டும் எப்படித் தப்பியது என்றால், திருமணமாகி நான் இங்கு வந்தபோது அம்மா என் பெட்டிக்குள் சேலைகளுக்கு அடியில் வைத்துவிட்டிருந்தா. எதற்கென்று அன்று கேட்கவில்லை.

போன மாதம் அதைக் காப்பகத்துக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். வாசிக்கத் தெரியாத மொழி என்றாலும் அங்கிருந்த பெண் அதை அந்த ஆப்பின்மேல்தான் வைத்தாள். றேந்தைப் பக்கத்தில் நெடுநேரம் நின்றாள். துருப்பிடித்த இரண்டு குண்டூசிகளைக் கழற்றி, பக்கங்களுக்கிடையில் அமிலமில்லாத மெல்லிய தாள் வைத்து, அதற்கென ஒரு பெட்டியும் தந்தாள். ஒளி படக்கூடாது, ஈரம் படக்கூடாது, ஒட்டுநாடா ஒருபோதும் ஒட்டக்கூடாது, குறிப்பு எழுதினால் பென்சிலால் மட்டும். படம் எடுத்து இரண்டு இடங்களில் வைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னாள்.

தை மாதம் விழாவுக்கு வரும்போது அந்தப் பெட்டியைக் கையோடு கொண்டு வருகிறேன். கல்லூரியில் அதற்கொரு பூட்டுள்ள அலுமாரி தருவதாக அதிபர் சொல்லியிருக்கிறார். அலுமாரி பெரிதாம். ரொறன்ரோவிலோ சிட்னியிலோ ஒஸ்லோவிலோ உங்கள் வீட்டுப் பரணில் ஒரு தேர்ச்சி அறிக்கை, பரிசளிப்பு விழா நிகழ்ச்சி நிரல், பின்பக்கத்தில் பெயர்கள் எழுதிய வகுப்புப் படம், ரீச்சர் எழுதிய கடிதம் இருந்தால், வெளியே எடுத்துப் பாருங்கள். படத்தின் பின்பக்கம் வெறுமையாக இருந்தால், உங்களுக்குத் தெரிந்த பெயர்களை இன்றைக்கே எழுதிவிடுங்கள். பென்சிலால்.